ஊரார் புல்லும் ஒருவர் மாடும்

"ஒரு களைச் செடிக்காக மாட்டை விரட்டுவதா?" என்று கேட்பது இந்நாளில் அறிவுடைமையின் அடையாளமாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பொதுமக்களுக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலங்களிலே அருகிவரும் செடிகளைக் காத்தல் வேண்டுமென்று எவரேனும் வாய்திறந்தால், மாட்டுப் பண்ணையார்களும் அவர்தம் தயவை நாடும் அரசியல்வாதிகளும் எழுப்பும் கேள்வி இதுவே. அதன் எதிரொலி கடல் கடந்து நம்மிடமும் வந்திருக்கிறது. ஆங்கிலப் பத்திரிகைகளை வாசிக்கும் நண்பர் சிலர், "மாடு புல்லைத் தின்றால் தீக்கு இரை குறையும், மாட்டைத் தடுத்தால் நாடு எரியும், இச்சிறு விஷயங்கூட விளங்காத ஏட்டறிவாளரே செடிக்கு வக்காலத்து வாங்குகின்றனர்" என்று நமக்கு உபதேசஞ் செய்கின்றனர். இக்கூற்றில் எத்துணை உண்மை, எத்துணைப் புரட்டு என்பதைப் பகுத்தறிவுகொண்டு ஆராய்வதே நமது நோக்கம். ஆராய்ந்தபின் நாம் கண்ட முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம்: அது கால் பங்கு உண்மையை முன்னே நிறுத்தி முக்கால் பங்கு சுயநலத்தைப் பின்னே மறைக்கும் வாதமாகும்.

முதலில் நிலம் யாருடையது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகா சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலத்தைப் பராமரித்து வருகிறது. அதில் ஏறக்குறைய 15.5 கோடி ஏக்கரில் கால்நடை மேய்ச்சலுக்கு அனுமதி உண்டு. நம் தீபகற்ப மலேசியா முழுவதையும் நான்கு தடவைக்கு மேல் அதனுள் வைத்துவிடலாம். 1934ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நிலம் கேட்பாரற்றுக் கிடந்தது. முந்தினவன் மாடு மேய்ந்தது, வல்லவன் ஆடு மேய்ந்தது, எஞ்சியது புழுதி. அப்புழுதியைக் கண்டு அஞ்சியே, கொலராடோ மாநிலப் பிரதிநிதியான எட்வர்ட் டெய்லர் என்பவரின் பெயரால் வழங்கும் மேய்ச்சற் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறிற்று. அளவுமீறிய மேய்ச்சலால் மண் பாழாவதைத் தடுப்பதே அதன் முதல் நோக்கமென்று சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மேய்ச்சல் அனுமதிச் சீட்டு பெற்றவனுக்கு நிலத்தின்மீது எவ்வித உரிமையோ பாத்தியதையோ பிறவாது என்பதும் அச்சட்டத்திலேயே தெளிவாக வரையப்பட்டுள்ளது. 2000ஆம் ஆண்டில் இவ்விஷயம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, பண்ணையார்களின் வழக்கு தோற்றது.

இஃதிங்ஙனமிருக்க, நடைமுறையில் நாம் காண்பதென்ன? சீட்டு, அருகில் சொந்த நிலமுடையவனுக்கே முன்னுரிமையாகக் கிடைக்கிறது. அவன் பண்ணையை விற்கும்போது சீட்டின் மதிப்பும் விலையில் ஏறிவிடுகிறது. தகப்பன் மேய்த்தான், பாட்டன் மேய்த்தான், ஆகவே என் நிலம் என்று பேரன் மார்தட்டுகிறான். நெவாடா மாநிலத்தில் ஒரு பண்ணையார் 1993 முதல் கட்டணமே செலுத்தாது பொது நிலத்தில் மாடு விட்டு வந்தார். பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டிற்று. 2014இல் நீதிமன்ற உத்தரவின்படி சர்க்கார் மாட்டைப் பிடிக்கச் சென்றபோது, துப்பாக்கி ஏந்திய கூட்டம் எதிர்த்து நிற்க, பிடித்த மாடுகளை அதிகாரிகள் விட்டுவிட்டுத் திரும்பினர். ஏழை ஒருவன் ஓர் ஆட்டைப் பிறர் தோட்டத்தில் விட்டால் திருட்டு. பெரியவன் நூற்றுக்கணக்கில் மாட்டைப் பொதுவில் விட்டால் சுதந்திரம்! பாட்டன் பெயரைச் சொல்லி உரிமை கேட்பதானால், அந்நிலத்தில் எண்ணற்ற தலைமுறைகள் வாழ்ந்த ஷோஷோனி, பையூட் மக்களன்றோ முதலில் கேட்க வேண்டியவர்? அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, நேற்று வந்தவர் 'பரம்பரை' பேசுவது நகைப்புக்கிடமானது.

தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு எந்த விஷயத்தையும் வரவு செலவாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதையும் அவ்வாறே பார்ப்போம். ஒரு பசுவும் கன்றும், அல்லது ஐந்து ஆடுகள், ஒரு மாதம் மேய்வதற்குப் பொது நிலத்தில் கட்டணம் 2025இல் 1.35 டாலர். இந்த 1.35 என்பது 1986ஆம் ஆண்டு உத்தரவில் வைத்த அடிமட்டத் தொகை. நடுவிற் சில ஆண்டுகள் சிறிது ஏறிப் பின்பு அடிமட்டத்துக்கே வந்து சேர்ந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகளில் உலகில் எப்பொருளின் விலை ஏறாமல் நின்றது? தனியாரிடம் அதே மேய்ச்சலுக்கு இருபது டாலருக்கு மேல் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை இலாகா 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004ஆம் நிதியாண்டில் மேய்ச்சல் நிர்வாகத்துக்காக மத்திய இலாகாக்கள் செலவிட்டது குறைந்தது 14.4 கோடி டாலர். கட்டணமாக வசூலானது சுமார் 2.1 கோடி டாலர். இவ்விதக் கணக்கை ஒரு கிராணி எழுதி மானேஜரிடம் நீட்டினால், மறுநாள் அவனுக்குத் தோட்டத்தில் வேலை இராது. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழி அமெரிக்காவிலும் செல்லும் போலும்!

நிற்க. எந்தச் செடிக்காக இவ்வளவு வழக்கு என்று வாசகர் கேட்கலாம். பல செடிகள் உள. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐடஹோ மாநிலத்தின் தென்மேற்கே, ஸ்னேக் நதிச் சமவெளியிலும், ஒவைஹீ மேட்டுநிலத்திலும், அவற்றையடுத்த அடிவாரங்களிலும் மட்டும் 'ஸ்லிக்ஸ்பாட் பெப்பர்கிராஸ்' என்றொரு சிறு செடி உண்டு. உலகில் வேறெங்கும் இல்லை. பெயரில் புல் இருப்பினும் அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்ணிறப் பூக்கள் கொத்தாகப் பூக்கும். சேஜ் புதர்கள் நிறைந்த அச்சமவெளியில் ஆங்காங்கே களியும் உப்பும் மிகுந்த சிறு பள்ளங்கள் உள்ளன. மழை பெய்தால் நீர் தேங்கி வழுவழுப்பாகும். காய்ந்தால் ஓடுபோல் இறுகும். பிற செடிகள் முளைக்க அஞ்சும் அந்த வழுக்குப் பள்ளங்களே இச்செடியின் வீடு. சில செடிகள் ஒரே ஆண்டில் பூத்துக் காய்த்து மடியும்; சில முதலாண்டில் இலையோடு நின்று மறு ஆண்டில் பூக்கும். எல்லா விதையும் ஒரே காலத்தில் முளைப்பதில்லை. மண்ணுக்குள் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் வரை உயிரோடு காத்துக்கிடந்து, நல்ல மழைக்காலம் பார்த்துச் சிலசிலவாக முளைக்கும். பஞ்சகாலத்துக்கென்று குதிரில் விதைநெல் வைக்கும் குடியானவன் புத்தியை ஒரு செடியிடம் காண்கிறோம்!

அக்குதிரை உடைப்பது எது? குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் பள்ளம் ஈரமாயிருக்கும்போது, பசுவின் குளம்பு களித்தட்டைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. நீரைத் தேக்கிவைக்கும் அடுக்கு உடைகிறது. விதைகள் முளைக்கமுடியாத ஆழத்துக்குப் புதைகின்றன. யானை விளைநிலத்தில் தானே புகுந்தால், வாய் புகுவதைவிடக் கால் கெடுப்பது அதிகமென்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் அறிவுறுத்தியதை நம் வாசகர் அறிவர். புலவர் அதை வரி வசூலுக்கு உவமையாகச் சொன்னார். இங்கே உவமையே நிகழ்ச்சியாயிற்று. மாடு அச்செடியைப் பெரும்பாலும் தின்பதில்லை, மிதிக்கிறது.

இனித் தீயின் கதைக்கு வருவோம். பண்ணையார் கட்சி இவ்விடத்தில்தான் தன் பெரிய ஆயுதத்தை எடுக்கிறது. "செடிக்கு முதல் ஆபத்து மாடன்று, தீயும் அந்நியப் புல்லுமே என்று சர்க்காரின் மீன், வனவிலங்கு இலாகாவே சொல்லியிருக்கிறதே!" என்கின்றனர். ஆம், சொல்லியிருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. 2009இல் இச்செடி ஆபத்துக்குள்ளானதென்று சட்டப்படி அறிவிக்கப்பட்டபோது, அடிக்கடி மூளும் தீயும், அத்தீயை வளர்க்கும் அந்நியப் புல்லும் முதற்காரணங்களாகவும், மாட்டின் மிதி அதற்கடுத்ததாகவுமே வைக்கப்பட்டன. ஆனால் அந்தப் புல் யாது, எப்படிப் பரவிற்று என்று அவர்கள் சொல்வதில்லை. நாம் சொல்வோம்.

'சீட்கிராஸ்' என்பது அதன் பெயர். தமிழில் வஞ்சகப் புல் எனலாம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானியத்தோடு கலந்து அமெரிக்காவின் மேற்கில் புகுந்தது. இலையுதிர் காலத்தில் முளைத்து, பிற செடிகள் உறங்கும் குளிரில் வேர்விட்டு, வசந்தத்தின் ஈரத்தை முந்திக் குடித்துவிடும். ஜூன் மாதத்துக்குள் விதையை உதிர்த்துக் காய்ந்து சருகாகும். அதற்குப் பின் வருவது நீண்ட கோடை. முன்னாளில் அந்நிலத்துப் பூர்விகப் புற்கள் தூறு தூறாக, இடையில் வெற்றிடம் விட்டு நின்றன. அவ்வெற்றிடத்தில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மண்ணின்மேல் ஒரு தோல்போல் படர்ந்து, காற்றும் களையும் புகாமற் காத்தன. தீப்பொறி விழுந்தால் தாவிச் செல்ல வழியின்றி அணைந்துவிடும். அத்தூறுகள் பெருமந்தைகளின் வாய்க்கும் குளம்புக்கும் பழகாதவை. ஆடும் மாடும் இலட்சக்கணக்கில் புகுந்து தூறுகளைக் கரும்பி, மண்ணின் தோலை மிதித்துப் பொடியாக்கின. அந்த வெற்றிடங்களில் வஞ்சகப் புல் குடியேறிற்று. இரயில் பாதைகளும் கோதுமை வயல்களும் அதைப் பரப்பின என்பது உண்மையே. ஆயினும் கதவை அகலத் திறந்து வைத்தது அளவுமீறிய மேய்ச்சல். 1949இல் வெளியான தம் நூலிலேயே ஆல்டோ லியோபோல்ட் என்னும் பேரறிஞர் இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதிவிட்டார். எனவே இது நேற்றைய ஏட்டறிவாளர் கட்டிய கதையன்று.

நம் நாட்டு வாசகர்களுக்கு இது விளங்காத விஷயமுமன்று. லாலான் புல்லைக் காணாத தோட்டக்காரன் உண்டோ? காட்டை வெட்டி எரித்து மண்ணைத் திறந்துபோட்டால் லாலான் வருகிறது. லாலான் காய்ந்தால் தீ வருகிறது. தீயில் இளமரம் கருகுகிறது. லாலானோ மண்ணுக்குள் கிழங்குபோல் ஓடும் தண்டிலிருந்து பத்து நாளில் மீண்டும் தலைதூக்குகிறது. தீயை உண்டு வளரும் புல் அது. வஞ்சகப் புல்லும் அவ்வகையே. தண்டுக்குப் பதில் விதையால் பிழைக்கிறது. அதனிடையே நிற்கும் சேஜ் புதரோ தீப்பட்டால் செத்தே போகும். அடியிலிருந்து துளிர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. பல்லாண்டுகளுக்கொரு முறை எரிந்த நிலம், இப்புல் நிறைந்த இடங்களில் ஐந்தாண்டுக்கொரு முறையும் அதனினும் விரைவாகவும் எரிகிறது. ஒவ்வொரு தீக்குப் பிறகும் புதர் குறைகிறது, புல் பெருகுகிறது. தீ புகாத வெற்றுப் பள்ளத்தில் பத்திரமாயிருந்த நம் சிறு செடியையும் இப்போது அப்புல் சூழ்ந்துகொண்டது.

இவ்வாறு கதவைத் திறந்துவிட்டவரே, இப்போது "திருடனைப் பிடிக்க எங்களையே காவல் வையுங்கள்" என்கின்றனர். மாடு தின்றால் தீ குறையும் என்னும் அவ்வாதத்தின் கால் பங்கு உண்மை எது என்று சொல்லிவிடுவோம். வசந்தத்தில் சில வாரங்கள் வஞ்சகப் புல் பசுமையாயிருக்கும்போது, குறித்த இடத்தில், குறித்த நாள்வரை, குறித்த எண்ணிக்கை மாடுகளை விட்டு மேய்த்தால், சாலையோரங்களிலும் ஊரோரங்களிலும் தீக்கு இரை குறைவது மெய்தான். அவ்விதம் செய்தும் பார்த்திருக்கின்றனர். ஆனால் புல் காய்ந்தபின் அதன் கூரிய முனைகள் மாட்டின் வாயைக் குத்தும். மாடு அதை விட்டுவிட்டு எஞ்சியிருக்கும் பூர்விகப் புல்லைத் தேடிச் செல்லும். எந்தப் புல் தீயைத் தடுக்குமோ அதைத் தின்று, எது தீயை வளர்க்குமோ அதற்கு இடங்கொடுக்கும்.

2007ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஐடஹோ, நெவாடா எல்லையில் மின்னலால் மூண்ட பல தீக்கள் ஒன்றுசேர்ந்து, மர்ஃபி பெருந்தீ என்னும் பெயரோடு சுமார் 6.5 லட்சம் ஏக்கரை விழுங்கின. மேய்ச்சலுக்குத் தடை விதித்ததே காரணமென்று அன்று பெருங்கூச்சல் எழுந்தது. மத்திய இலாகாக்களையும் மாநிலத்தையும் சர்வகலாசாலையையும் சேர்ந்த நிபுணர்கள் ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டனர். மிதமான காற்றும் ஈரமும் உள்ள காலத்தில் மேய்ச்சல் தீயின் வேகத்தைச் சிறிது தணிக்கக்கூடும். ஆயினும் அத்தீயின் பெரும்பகுதி கடும் வெப்பத்திலும் காற்றிலும் எரிந்ததால் அங்கே மேய்ச்சலின் பலன் அற்பமாகிவிட்டது என்பது அவர்கள் கண்ட முடிவின் சாரம். நாடு எரியும் நாட்கள் கடும் வெப்ப நாட்களே. அந்நாட்களில் உதவாத காவலனைக் காட்டி, ஆண்டு முழுதும் கூலி கேட்பது எவ்வகை நியாயம்?

தீ அணைந்தபின் நடப்பது இன்னும் விந்தை. வெந்த நிலத்தில் பூர்விகச் செடிகளின் விதையைத் தூவாமல், ஆசியாவிலிருந்து கொணர்ந்த கிரெஸ்டெட் கோதுமைப் புல்லையும் கோக்கியா என்னும் தீவனப் புதரையும் பல இடங்களில் விதைத்தனர். விதை மலிவு, விரைவில் முளைக்கும், மண்ணைப் பிடிக்கும், மாடும் தின்னும். கோக்கியாவோ தீத்தடுப்புக்கென்று விதைத்த இடத்தில் நில்லாது வழுக்குப் பள்ளங்களிலும் புகுந்தது. நோயைத் தீர்க்க வந்த மருந்தே இரண்டாவது நோயாயிற்று.

சட்டமேனும் காத்ததா? 2009இல் வந்த பாதுகாப்பை எதிர்த்து ஐடஹோ ஆளுநர் முதலானோர் வழக்காடினர். 'எதிர்நோக்கக்கூடிய காலம்' என்னும் சொற்றொடருக்கு எத்தனை ஆண்டு என்று இலாகா சரியாக விளக்கவில்லையென்று 2012இல் நீதிமன்றம் அப்பாதுகாப்பை நீக்கிற்று. ஒரு சொற்றொடரின் பொருளுக்காக நான்காண்டுகள் கழிந்து, 2016இல் பாதுகாப்பு மீண்டது. காக்க வேண்டிய வாழிடம் எதுவென்று வரையறுத்து அறிவித்தது 2023இல். பதினான்கு ஆண்டுகள்! மண்ணுக்குள் காத்துக்கிடக்கும் விதையின் ஆயுளினும் காகிதத்தின் ஆயுள் நீண்டுவிட்டது. இவ்வளவுக்கும், 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினச் சட்டம் பிராணிகளுக்குத் தரும் அளவு காவலைச் செடிகளுக்குத் தருவதில்லை. தனியார் நிலத்தில் நிற்கும் செடியை உடையவன் பிடுங்கினால் அச்சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. எனவே பொது நிலமே செடியின் கடைசிப் புகலிடம். அங்கும் இடமில்லையென்றால் வேறெங்கே போவது?

"அது இருந்தால் யாருக்கு என்ன லாபம்?" என்பது கடைசிக் கேள்வி. இக்கேள்வியைக் கேட்டாலே நம் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஏனெனில் இது நம்மவரை நோக்கியும் கேட்கப்பட்ட கேள்வி. 1950களிலும் 1960களிலும் இந்நாட்டுத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறை அம்மண்ணில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் லாபமில்லாதவை என்று கணக்குப் புத்தகத்திலிருந்து அடிக்கப்பட்டன. செடியும் மனிதனும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தன் லாபத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பிறர் இருப்பதற்குக் காரணம் கேட்கும் அந்த மனப்பான்மை ஒன்றே. அதற்கு ஓரிடத்தில் தலைவணங்கினவன் மற்றோரிடத்தில் எதிர்த்து நிற்கமுடியாது.

ஐடஹோவில் மாடு மேய்ப்போர் யாவரும் கொடியவர் என்பதும் நம் கருத்தன்று. சிறு பண்ணை வைத்து, கடனிலும் வறட்சியிலும் உழல்வோர் பலருளர். அவர்கள்பால் நமக்கு அனுதாபமுண்டு. ஆனால் அதே சலுகையைப் பெருங் கம்பெனிகளும் அனுபவிக்கின்றன. வழக்கென்று வரும்போது ஏழையை முன்னே நிறுத்திவிட்டுப் பணக்காரன் பின்னே நிற்கிறான். மாட்டை இன்றே நீக்கிவிட்டால் நாளையே வஞ்சகப் புல் ஒழியும் என்றும் நாம் மயங்கவில்லை. பரவிவிட்ட புல் தானாகப் போகாது. ஆகவே நாம் வேண்டுவது இவையே: வழுக்குப் பள்ளங்கள் ஈரமாயிருக்கும் மாதங்களில் அங்கே மாடு புகலாகாது. எரிந்த நிலத்துக்குக் காலண்டர் பார்த்து இரண்டு பருவம் ஓய்வளித்துவிட்டுத் திறக்கும் வழக்கம் மாறி, பூர்விகப் புல் மீண்டதைக் கண்ட பின்னரே திறத்தல் வேண்டும். பூர்விக விதையே தூவப்படவேண்டும். தீத்தடுப்புக்கு மாடு உதவுமிடத்தில் அது சர்க்கார் குறிக்கும் இடத்திலும் நாளிலும் செய்யும் ஊழியமாயிருக்கலாம், உரிமையாகலாகாது. கட்டணம் செலவுக்கு ஈடாதல் வேண்டும். சீட்டை விட்டுக்கொடுக்க விரும்பும் பண்ணையாருக்கு ஈடு கொடுத்து, அந்நிலத்தை மேய்ச்சலிலிருந்து நிரந்தரமாக விடுவிக்கச் சட்டம் இடங்கொடுத்தல் வேண்டும்.

இவை நடவாத காரியங்களல்ல. பாய்சி நகரின் தெற்கே படைவீரர்கள் பீரங்கிப் பயிற்சி செய்யும் நிலத்திலேயே இச்செடியின் சிறந்த வாழிடங்களுள் ஒன்று எஞ்சியிருக்கிறது. அங்கே செடியுள்ள இடங்களைக் குறித்து விலகி நடக்கின்றனர். தீ மூண்டால் உடனே அணைக்க ஆள் வைத்திருக்கின்றனர். பீரங்கிக்குக் கற்பிக்க முடிந்த ஒழுங்கை மாட்டுக்காரனுக்குக் கற்பிக்க முடியாதா?

பொதுக் கிணறும் பொதுச் சாலையும் பெயரளவில் ஊரார்க்கும், நடைமுறையில் சிலர்க்குமாக இருந்த காலத்தை நம் முன்னோர் அனுபவித்தனர். "வழக்கம் அப்படி" என்பதே அன்று சொல்லப்பட்ட சமாதானம். நெடுங்கால வழக்கம் நியாயமாகிவிடாது என்று எடுத்துரைத்தே சீர்திருத்தம் பிறந்தது. அந்த நீதியைத் தொலைதூரத்து உப்புப் பள்ளத்தில் நிற்கும் ஒரு வெள்ளைப் பூவுக்கும் வழங்க நாம் தயங்கவேண்டியதில்லை. பொது நிலம் மேய்கிறவனுக்கு மட்டும் பொதுவன்று. மேயாதவனுக்கும், இனிப் பிறப்பவனுக்கும், வாயில்லாச் செடிக்கும் பொது. வாசகர் சிந்திப்பாராக.